ஆவணி பிறக்கட்டும் என்றார்கள்

“கடைசித் தேதின்னா கடைசித் தேதிப்பா! உங்க கடை போர்டுல எழுதற கடைசி இல்ல!”

“மெதுவாப் பேசு. ஜன்னல் தெறந்து கெடக்கு.”

“கெடக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்! எவ்ளோ பெரிய வேலை பண்ணியிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியட்டும்!”

ஊருக்குத் தெரிவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் சுவர்கள் பேருக்குத்தான். ஆவணி முதல் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இரண்டாம் மாடி ஜவஹர் வீட்டில் குரல் உயர்ந்ததும் மேல் வீட்டு மிக்ஸி நின்றது. கீழ் வீட்டு டிவி வாயை மூடிக்கொண்டது. மூன்றாம் மாடி சுப்புலக்ஷ்மி மாமிக்கு அந்த நேரம் பார்த்து மாடிப்படிக் கைப்பிடியைத் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கைப்பிடியை யாரும் துடைத்ததில்லை.

“இப்ப என்ன கொறைஞ்சு போச்சு?” என்றான் ராம்குமார், கத்துகிறவளுக்கு அண்ணன். “மெயில் போயாச்சுல்ல? காலைல ஆறு முப்பத்தஞ்சுக்கு டான்னு போயிருக்கு. நல்ல நேரம்.”

“மூணு நாள் கழிச்சுப் போயிருக்குடா! பதினாலாம் தேதியோட ரிஜிஸ்ட்ரேஷன் க்ளோஸ். அவங்க வேற ஸ்ட்ரைக்கரை எடுத்துட்டாங்க. இந்தா, பாரு, ரெண்டே வரி. சாரின்னு ஒரு வரி, ஆல் த பெஸ்ட்னு ஒரு வரி!”

“ஏட்டி, அண்ணனை டா போடாத” என்றாள் அம்மா கோமதி. இத்தனை களேபரத்திலும் அவளுக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு எழுத்துதான்.

கத்திக்கொண்டிருந்தவள் முத்துலட்சுமி. வீட்டில் ஏட்டி, மைதானத்தில் முத்து. இருபத்தொரு வயது, இடது கால் ஆட்டக்காரி, அடையாறு பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். முடித்துச் சரியாக மூன்று மாதம். அன்று காலை பெங்களூருக்குப் புறப்பட்டிருக்க வேண்டியவள். பை கட்டி வாசலில் இருந்தது. கோபத்தில் அதை ஓர் உதை விட்டாள். பை சோபாவைத் தாண்டி சாமி அலமாரிக்குக் கீழே போய் விழுந்தது. நல்ல உதை, சந்தேகமில்லை. மூன்று வருஷமாக அந்தக் காலை நம்பித்தான் கல்லூரி கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் கால்பந்துக்கு வந்ததே ஒரு விபத்து. முதலாம் ஆண்டில் கல்லூரி அணிக்குப் பத்துப் பேர்தான் தேறினார்கள். பதினோராவது ஆளாக நின்றால் வருகைப் பதிவு தருகிறோம் என்றார்கள். காலை எட்டரை மணி அக்கவுண்டன்ஸ் வகுப்பிலிருந்து தப்பிக்கத்தான் முத்து பேரைக் கொடுத்தாள். நடுவில் ஆடும் ஆஃப்ரீன், ஐஸ்ஹவுஸ் பேட்டைக்காரி, “நீ ஒண்ணும் பண்ணாத மச்சி, கோல் கிட்ட போய் நின்னுகினு இரு, பால் வந்தா எட்டி உதை” என்று பயிற்சி கொடுத்தாள். அதுதான் அவள் பெற்ற முழுப் பயிற்சி. மூன்றாம் ஆண்டு முடியும்போது நாற்பத்தொரு கோல்.

கோப்பைகளை அப்பா ஜவஹர் தன் கடைக்கு எடுத்துப் போனார். தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்தில் ‘செந்தூர் மேட்சிங்’. ஜாக்கெட் துணி, லைனிங், சேலைக்கு அடியில் தைக்கும் ஃபால்ஸ், எல்லாம் நிறம் பார்த்துக் கொடுப்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்தெட்டு வருஷத்தில் பிடித்த இடம். கல்லாவுக்கு மேலே முருகன் படம், அதற்குப் பக்கத்தில் வரிசையாக மகளின் கோப்பைகள். என்ன விளையாட்டு என்று யாராவது கேட்டால் மட்டும், “ஸ்போர்ட்ஸுங்க” என்பார். டவுசர் போட்டுக்கொண்டு பந்து உதைக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெருமையும் வேண்டும், விவரமும் தெரியக் கூடாது.

ஜூன் மாதம் பெங்களூரில் ஒரு கிளப் ஆள் எடுத்தது. தேசிய லீகில் ஆடுகிற பெண்கள் அணி. முத்துவும் ஆஃப்ரீனும் போய் இரண்டு நாள் ஆடிக் காட்டினார்கள். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத் தாள் போனுக்கு வந்தது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு படம் எடுத்து மெயிலில் அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் பதினாலுக்குள் லீக் பதிவு முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஜனவரிதான். ஆஃப்ரீன் தன் தாள் வந்த அன்று மாலையே அனுப்பிவிட்டாள்.

முத்துவின் தாள் வந்தது ஆடி ஐந்தாம் தேதி. அங்கேதான் வம்பு.

“ஆடியிலயா?” என்றாள் கோமதி. சப்பாத்தி மாவைப் பிசைந்த கை அப்படியே நின்றது. “ஒரு நல்ல காரியத்தை ஆடியில ஆரம்பிப்பாவளா யாராவது? உங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்கவே ஆடி போகட்டும்னு வச்சிருக்கோம்.”

“இது கல்யாணம் இல்லம்மா. வேலை.”

“பொம்பளப்புள்ள வீட்டை விட்டு வெளியூர் போறா. அது என்ன சின்ன விஷயமா? ஆவணி பொறக்கட்டும்.”

ஆடியில் புதிதாக எதுவும் கூடாது என்கிற இந்தக் குடும்பம் வருஷத்துக்கு வேண்டிய பாதி வியாபாரத்தைச் செய்வது ஆடியில்தான். அந்த மாதம் முழுக்கக் கடைவாசலில் சிவப்புத் துணியில் ‘ஆடித் தள்ளுபடி – இன்றே கடைசி’ என்று தொங்கும். ஆடி பதினைந்திலேயே அது கடைசி நாளாகிவிடும். ஆடி முப்பத்தொன்றும் கடைசி நாளே. ஆவணி பிறந்ததும் அதன் கீழே ‘வாடிக்கையாளர்கள் விருப்பத்திற்கிணங்க நீட்டிப்பு’ என்று இன்னொரு துணி வரும். அது பிள்ளையார் சதுர்த்தி வரை ஆடும். வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை.

இதையெல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினாலாம் தேதி கடைசி என்று மகள் தலையால் அடித்துக்கொண்டபோது ஜவஹர் சிரித்தார். “ஏளா, கடைசித் தேதி போடாத வியாபாரம் உண்டா? போட்டாத்தான நம்மள மாதிரி ஆளு ஓடி வருவான். வேணும்னு நெனச்ச சரக்கை எவனும் ரெண்டு நாளுக்காக விட மாட்டான். துணி அனுப்புற சூரத்துக்காரன்கிட்ட நான் பாக்காத கடைசித் தேதியா?”

வீட்டில் நான்கு நாள் சண்டை. அதைத் தீர்த்து வைத்தது சுப்புலக்ஷ்மி மாமி. கூப்பிடாமலே வந்து தீர்த்து வைத்தாள். மாமியின் கணவர் வேதாந்தம் கட்டடத்துச் சங்கச் செயலாளர் என்பதால் எல்லா வீட்டுச் சண்டையிலும் தனக்குப் பாத்தியதை உண்டு என்பது மாமியின் எண்ணம்.

“ஏன் கோமதி, ஆடிப்பெருக்கு இருக்கோன்னோ நடுவுல? அன்னிக்கு எது பண்ணினாலும் பெருகும்னு சொல்லிண்டு தானே எங்காத்துல எல்லாம் நகையே வாங்குவோம். கொழந்தை அன்னிக்குக் கையெழுத்துப் போடட்டுமே. ஏண்டி முத்து, நீ அங்க என்னவா ஆடறே, கோல் கீப்பரா?”

“ஸ்ட்ரைக்கர், மாமி.”

“ஏதோ ஒண்ணு. நன்னா இரு.”

அப்படியாக ஆகஸ்ட் மூன்று, ஆடிப்பெருக்கு அன்று, சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்து முத்து கையெழுத்துப் போட்டாள். ஜவஹர் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். மேலே நடுவில் பிள்ளையார் சுழி போட்டார். பெங்களூர்க்காரன் என்ன நினைப்பான் என்று முத்துவுக்குக் கூசியது. ஆனால் கிடைத்த வரைக்கும் லாபம் என்றிருந்தாள். தாளை ராம்குமார் கடைக்கு எடுத்துப் போய் ஸ்கேன் செய்து அனுப்புவதாக ஏற்பாடு. பிறப்புச் சான்றிதழும் கடை லாக்கரில்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ராம்குமார் போனைக் காட்டினான். மெயில் இருந்தது, இணைப்பு இருந்தது, அவள் பெயர் இருந்தது. “போயிருச்சு, போ” என்றான். அவள் நம்பினாள். கூடப் பிறந்தவனை நம்பாமல்?

பன்னிரண்டாம் தேதி கிளப்பிலிருந்து கேட்டார்கள்: தாள் வரவில்லையே. முத்து அண்ணனைக் கேட்டாள். “அனுப்பிட்டேன்ளா. ஸ்பேம்ல பாக்கச் சொல்லு.” அவள் சொன்னாள். அவர்களும் பார்த்தார்கள். பதின்மூன்றாம் தேதி மறுபடி கேட்டார்கள். “அவனுவளுக்குப் பாக்கத் தெரியல” என்றான். அவள் அதையே கொஞ்சம் மரியாதையாக மாற்றி ஆங்கிலத்தில் எழுதினாள். பாவம், முகம் தெரியாத ஒரு மேனேஜர் இரண்டு நாள் குப்பை மெயிலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

பதினாலாம் தேதி ஆடிக் கடைசி வெள்ளி. போன் போட்டால் அண்ணன் எடுக்கவில்லை, அப்பா எடுக்கவில்லை. முத்து 12B பிடித்து தி.நகர் போனாள். ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய்க் கடைவாசலில் போட்டது. உள்ளே பெண்கள் மூன்று வரிசையாக நின்று சேலைத் தலைப்பை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு அருகில் கூடப் போக முடியவில்லை.

“அப்பா! அந்த பேப்பரைக் குடுங்க, நானே அனுப்பறேன்!” தலைகளுக்கு மேலே கத்தினாள்.

“போயிருச்சும்மா!” அவரும் தலைகளுக்கு மேலே கத்தினார். “வீட்டுக்குப் போ! நல்லபடியா நடக்கும்!”

ஒரு விஷயம் அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தது அதற்காகத்தான். ஒப்பந்தத் தாள் அவள் போனிலேயே இருந்தது. கல்லூரியில் சேரும்போது எடுத்த பிறப்புச் சான்றிதழ் படமும் அதிலேயே இருந்தது. எதிரே இருந்த ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் நுழைந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அவள் அப்பா சொன்னபடி வீட்டுக்குப் போனாள். இன்னும் இரண்டு டி-ஷர்ட் பையில் வைத்தாள்.

உண்மை வெளியே வந்தது ஆவணி ஒன்று காலையில். ஆடிப்பெருக்கில் கையெழுத்துப் போடலாம், சரி. ஆனால் தாள் வெளியே போவது ஆவணியில்தான் இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்திருக்கிறார்கள். ராம்குமார் கெட்டிக்காரன். மெயிலை எழுதி, நல்ல நேரம் பார்த்து, திங்கட்கிழமை காலை ஆறு முப்பத்தைந்துக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டான். ராகு காலத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது வரைக்கும் யோசித்தவன், லீகுக்கும் காலம் உண்டு என்பதை யோசிக்கவில்லை.

“மூணு நாளு பொறுக்க மாட்டானா?” ஜவஹருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போது முத்துவுக்கு இன்னும் எரிந்தது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். இவரை என்ன செய்வது? “நான் பேசட்டுமா அவன்கிட்ட? ரெண்டு பக்கமும் விட்டுக்குடுத்துப் பேசினா...”

“இது ஜாக்கெட் பிட் இல்லப்பா!”

மாடிப்படியில் கைப்பிடி பளபளவென்று ஆகியிருந்தது.

அன்றிலிருந்து முத்து அப்பாவிடம் பேசவில்லை. அவளை வீட்டில் வைத்திருந்தால் சாமான் உடையும் என்று கோமதி அவளைக் கடைக்கு அனுப்பினாள். அது இன்னொரு தப்பு. நீட்டிப்புத் துணி தொங்கிய மூன்றாம் நாள், நங்கநல்லூரிலிருந்து மூன்று பெண்கள் கை நிறையச் சேலைகளோடு வந்தார்கள்.

“தள்ளுபடி போட்டுக் குடும்மா.”

“முடிஞ்சிருச்சுங்க. இன்றே கடைசின்னு ஆடி முப்பத்தொண்ணு வரைக்கும் போர்டு இருந்துச்சே, பாக்கலியா?”

“வெளில நீட்டிப்புன்னு எழுதியிருக்கே?”

“அது சும்மா. கடைசின்னா கடைசி.”

மூன்று பேரும் எதிர்க் கடைக்குப் போனார்கள். ஜவஹர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார், உட்கார்ந்தார். மகளை ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் பதில் சொல்வாள், கடையில் ஆள் இருக்கிறார்கள். சாயங்காலம் ராம்குமாரிடம் மட்டும், “அவள துணி மடிக்கப் போடு” என்றார். தீபாவளி வரை முத்து துணி மடித்தாள். அரக்கு நிறத்தில் பன்னிரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொண்டாள். பெங்களூரிலிருந்து ஆஃப்ரீன் வாராவாரம் படம் அனுப்பினாள். நீலச் சட்டை, முதுகில் பெயர், பின்னால் பச்சைப் புல். முத்து ஒவ்வொன்றுக்கும் நெருப்புப் படம் போட்டுப் பதில் அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

ஆட்டத்தை மட்டும் விடவில்லை. ஊர் லீகில் ஒரு சின்ன அணி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் மைதானம். அங்கேதான் புதுச் சங்கடம். அவளுக்குக் காத்திருக்கவே முடியாமல் போயிற்று. பந்து வருவதற்கு முன்னால் ஓடினாள். எதிர்ப்பக்கக் கடைசிப் பெண்ணைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு பந்தை எதிர்பார்த்தாள். கொடி தூக்கினார்கள். ஒரு ஆட்டத்தில் ஏழு முறை ஆஃப்சைடு. இரண்டு முறை பந்து வலைக்குள் போயும் கணக்கில் வரவில்லை. எட்டாவது முறை கொடி தூக்கிய பெண்ணிடம் போய், “உங்களுக்கு வேற வேலையே இல்லியா?” என்று கேட்டு மஞ்சள் அட்டை வாங்கினாள்.

“இன்னா மச்சி ஆச்சு உனக்கு?” விடுமுறைக்கு வந்திருந்த ஆஃப்ரீன் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டாள். “ஒரு செகண்டு நில்லேன். பாஸ் குடுக்கறவ கால் தூக்கசொல்ல ஓடு. அதுக்கு முன்ன எதுக்கு ஓடறே? ட்ரெயினா போவுது?”

“போயிருச்சுல்ல ஒண்ணு.”

பெங்களூரில் ஆஃப்ரீனுக்கும் ஒன்றும் வாழவில்லை. ஆறு ஆட்டத்தில் ஐந்து பெஞ்சில். படத்தில் பெஞ்சு தெரியாதபடி எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதை அன்றுதான் சொன்னாள். இருவரும் மைதானத்து வாசலில் மாங்காய்க் கீற்று தின்றுகொண்டு பெங்களூர் கிளப்பை அரை மணி நேரம் திட்டினார்கள். முத்துவுக்குக் கொஞ்சம் ஆறியது.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு ஆட்டத்தில் அவள் அந்த ஒரு செகண்டு நின்றாள். பாஸ் கொடுப்பவளின் கால் மேலே போனபோது ஓடினாள். கொடி எழவில்லை. இடது காலால் கீழ் மூலையில் போட்டாள். அடுத்த பாதியில் இன்னும் இரண்டு. ஓரத்தில் தொப்பி வைத்துக்கொண்டு, வேறு ஒரு பெண்ணைப் பார்க்க வந்திருந்த ஒருவர், ஆட்டம் முடிந்ததும் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கொல்கத்தா கிளப் ஒன்றின் ஆள். அவர்களுடைய ஸ்ட்ரைக்கருக்கு முழங்கால் போய்விட்டது.

புது வருஷம் பிறந்த மூன்றாம் நாள் தாள் வந்தது. பதிவு பத்தாம் தேதியோடு முடிகிறது. முத்து காலண்டரைப் பார்த்தாள். மார்கழி.

வீட்டில் அப்போது ராம்குமார் கல்யாண வேலை. தை பத்தாம் தேதி வடபழனியில் மண்டபம். கோமதி பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். முத்து, ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று, அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னாள்.

ஜவஹர் தலையைத் தூக்கினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு மகள் பேசியதில் முகம் மலர்ந்தது. “கல்கத்தாவா? நல்ல ஊரு. கண்டிப்பாப் போடலாம்ளா. அவன் தேதிக்கு மேல நாலே நாளு. தை பொறக்கட்டும், மொத கையெழுத்து உனக்குத்தான்.”

போன தடவை நடந்தது அவருக்கு மறந்துவிட்டதா என்றால், மறக்கவில்லை. போன தடவை ஆடியில் கையெழுத்துப் போட்டதால்தான் கெட்டது என்பது அவர் கணக்கு. அதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

முத்து போனைப் பைக்குள் போட்டாள். “சரிப்பா” என்றாள்.

கோமதிக்கு நிம்மதி. பெண்ணுக்கு விவரம் வந்துவிட்டது என்று மாடியில் துணி உலர்த்தும்போது மாமியிடம் சொன்னாள். மாமி கச்சேரிக்குக் கிளம்பிய அவசரத்திலும் நின்று, “சரின்னாளா? முத்துவா? கத்தலியா?” என்று மூன்று கேள்வி கேட்டாள். பிறகு, “எனக்கென்னமோ நன்னா படலை” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தக் கட்டடத்தில் விஷயம் புரிந்த ஒரே ஆள் மாமிதான்.

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி. முத்து கச்சேரி ரோட்டில் ஆஃப்ரீனின் பெரியப்பா வலியுல்லா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். போனை நீட்டினாள்.

“இன்னாமா, காலேஜ் அப்ளிகேஷனா?”

“இல்ல பாய். கல்கத்தா டீமுக்கு ஆடப் போறேன். நாலு பக்கம் பிரிண்டு.”

“அட! நம்ம ஆஃப்ரீன் கூட ஆடசொல்ல பாத்துகிறேன் உன்னிய. லெஃப்டு காலு.” மெஷின் கரகரத்தது. “வூட்ல தெரியுமா?”

“தை பொறந்தா தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. கடைக்குள் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முத்து உட்கார்ந்து நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். மூலையில் மஞ்சள் இல்லை, பிள்ளையார் சுழி இல்லை. சுவரில் பல்லி ஒன்று சத்தம் போட்டது. சகுனம் நல்லதா கெட்டதா என்று அம்மாவைக் கேட்கத் தோன்றியது. கேட்க முடியாது. வலியுல்லா ஸ்கேன் செய்து அவள் போனுக்கு அனுப்பினார், அவள் பிறப்புச் சான்றிதழ் படத்தோடு கொல்கத்தாவுக்கு அனுப்பினாள். மெயில் போன பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பதில் வரும் வரைக்கும் ஸ்டூலிலேயே இருந்தாள். ஐந்து பேர் ரேஷன் கார்டு நகல் எடுத்துப் போனார்கள். ஒரு மணி பத்துக்குப் பதில் வந்தது. ‘கிடைத்தது. பதிவு முடிந்தது. பன்னிரண்டாம் தேதி வந்து சேரவும்.’

அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வேலை என்பதில் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆகஸ்டில் அப்பா கடைக்கு எதிரேயே மூன்று ஜெராக்ஸ் கடை இருந்தது.

அன்று சாயங்காலம் முத்து விஷயத்தை உடைத்ததும் இரண்டாம் மாடியில் சத்தம் வரும் என்று கட்டடம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை. ஜவஹர் கத்தவில்லை. “மார்கழியிலயா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “மணி என்ன இருக்கும் அப்ப?” என்றார்.

“பன்னெண்டரை.”

“புதன்கிழமை பன்னெண்டரை...” என்று இழுத்தார். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வேண்டுமென்றே அந்த நேரத்துக்குப் போனாளா, அமைந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

“பெங்களூர்னா காலைல கெளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம்” என்று கோமதிதான் புலம்பினாள். “இப்ப கல்கத்தா. ஒரு பகல் ஒரு ராத்திரி ரயிலு. அண்ணன் கல்யாணத்துக்கு எப்படி வருவ?”

“அன்னிக்கு மேட்ச் இருக்கும்மா.”

“ரெண்டு நாளு லீவு கேட்டா குடுக்க மாட்டானா?”

முத்து அம்மாவைப் பார்த்தாள். “கேட்டுப் பாக்கறேன்” என்றாள்.

கேட்டாள். கொடுக்கவில்லை. ராம்குமார் தாலி கட்டிய முகூர்த்தத்துக்கு அவள் கொல்கத்தாவில் பனிமூட்டம் கலையாத ஒரு மைதானத்தில் முதல் ஆட்டம் ஆடினாள். கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிட்டார்கள். ஒரு தடவை பந்தைத் தொட்டாள். மண்டபத்தில், மகள் எங்கே என்று கேட்ட உறவுக்காரர்களிடம் ஜவஹர், “ஸ்போர்ட்ஸு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து யாரும் கேட்காமலே, “ஃபுட்பால்” என்றும் சொன்னாராம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த மாமி கேட்டுக்கொண்டு வந்து சொன்னது.

அந்த வருஷம் ஆடியில் ‘இன்றே கடைசி’ துணியை ஜவஹர் ஆடி முப்பத்தொன்று ராத்திரி தானே ஏணி போட்டுக் கழற்றினார். நீட்டிப்புத் துணி வரவில்லை. வழக்கமான நம்பிக்கையோடு ஆவணி இரண்டாம் தேதி வந்தவர்கள் கடைவாசலில் நின்று சண்டை போட்டார்கள். ஆவணி நான்காம் தேதி துணி மறுபடி ஏறியது. வியாபாரம் வியாபாரம்தான்.

ராம்குமாரின் மனைவி ஸ்நேஹா முதல் ஆடிக்கு முறைப்படி அம்மா வீட்டுக்குப் போனாள். ஆவணி பிறந்தும் வரவில்லை. புரட்டாசியில்தான் வந்தாள், அதுவும் மடிப்பாக்கத்தில் பார்த்து வைத்த தனி வீட்டுக்கு. புரட்டாசியில் வீடு மாறக் கூடாது என்று கோமதி சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்தாளாம். ஆஃப்ரீன் பெங்களூரை விட்டு வந்து அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். மண்ணடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. முத்து அந்தக் கல்யாணத்துக்கு வந்தாள், ஒரே நாள். முழங்காலில் பெரிய கட்டு. கோமதி நான்கு வரன் ஜாதகம் எடுத்து வைத்திருந்தாள். முத்து அதைப் பிரிக்கவே இல்லை. இரண்டாவது வருஷம் ஆடிக்கொண்டிருக்கிறாள், பாதி ஆட்டம் பெஞ்சில், பாதி ஆட்டம் மைதானத்தில். இன்னும் கத்துகிறாள் என்று கேள்வி, இப்போது வங்காள மொழியில்.

ஜவஹரும் கோமதியும் கடைக்குக் கிட்டே இருக்கட்டும் என்று வீட்டைக் காலி செய்துகொண்டு வடபழனிக்குப் போனார்கள், நல்ல நாள் பார்த்து. இரண்டாம் மாடிக்கு வந்திருப்பது கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக ஒரு சத்தம் இல்லை. சுப்புலக்ஷ்மி மாமி கைப்பிடியைத் துடைத்துப் பார்த்துவிட்டாள், பிரயோஜனமில்லை. நியூஜெர்ஸியில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடலாமா என்று மாமி யோசிப்பதாகத் தெரிகிறது.